நல்ல பாட்டிலின் சத்தம்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். நீயும் அத்தானும் சுகம் என்று உன் கடிதத்தில் கண்டு மனசு குளிர்ந்தது. "போனை எதுக்குடா வச்சிருக்க, சட்டைப்பை கிழியவா?" என்று திட்டியிருந்தாய். இந்தக் கட்டடத்தில் சிக்னல் சரியில்லை, ஒரே கரகரப்பு. கடிதம் என்றால் ஆற அமர எழுதலாம். நீயும் இரண்டு முறை படிக்கலாம்.

தொழிற்சாலையில் என்னைப் பாட்டில் வரிசையிலிருந்து ஸ்டோருக்கு மாற்றியிருக்கிறார்கள். மூடியும் லேபிளும் எடுத்துக் கொடுக்கும் வேலை. கூச்சல் இல்லை, நிம்மதி.

இன்னொரு சேதிதான் பெரியது. ஆபீசில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை வீட்டுக்குத் தூக்கி வந்தேன். இணையத்தில் மேய்ந்துகொண்டிருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. கச்சேரிகளில் வாசிக்கிறார்களே சிந்தசைசர், அந்தப் பெட்டியையே மென்பொருளாகச் செய்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். யாரோ முகம் தெரியாதவர்கள் வருஷக்கணக்கில் உழைத்து, "எடுத்துக்கோ" என்று வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். திரை முழுக்கத் திருகுகள். அது தனியாக ஓடாது, அதை உள்ளே உட்கார வைக்க இன்னொரு மென்பொருள் வேண்டும். அதுவும் இலவசம். எல்லாம் ஏற்றிவிட்டு விசையை அழுத்தினால் சத்தமே வரவில்லை. மூன்று நாள் சாயங்காலம் இதே பாடு. நாலாம் நாள் பார்க்கிறேன், ஸ்பீக்கர் ஒயரை மைக் ஓட்டையில் சொருகியிருக்கிறேன்! சிரிக்காதே.

மாற்றிச் சொருகிவிட்டு, தட்டச்சுப் பலகையில் ஓரத்து எழுத்தை அழுத்தினேன். ஒரு 'ஊ' வந்தது. நீளமான, வழுவழுப்பான 'ஊ'. விரலை வைத்தால் வருகிறது, எடுத்தால் நிற்கிறது. அறையில் கம்பி இல்லை, தோல் இல்லை, ஊதுகிற வாய் இல்லை. எண்களைக் கூட்டிப் பெருக்கி ஒரு சத்தம் பிறக்கிறது, அக்கா. ஐம்பத்திரண்டு வயசில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல்.

உன் தம்பி


ஜனவரி 27

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே யாருக்கும் ஒரு குறையும் இல்லை. அத்தான் தினமும் மூன்று கிலோமீட்டர் நடக்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன் அவர் கிடந்த கிடைக்கு... சரி, அது எதற்கு இப்போது.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாக, சும்மா கிடந்த கம்ப்யூட்டரை நீ ஊத ஆரம்பித்திருக்கிறாய். ஸ்பீக்கரை மைக் ஓட்டையில் சொருகினாய் என்று படித்ததும் அத்தானுக்குப் புரையேறிவிட்டது. ஆனாலும் அந்த 'ஊ' என்ற இடத்தை அவருக்கு இரண்டாம் தடவை படித்துக் காட்டினேன். ஒண்டிக்கட்டையாக இருக்கும் உனக்கு ஒரு துணை கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்.

ஒன்று மட்டும் புரியவில்லை. பாட்டில் வரிசையை விட்டு நீ எப்படி வெளியே வந்தாய்? ஓடுகிற வரிசையில் ஒரு பாட்டில் கீறியிருந்தால் திரும்பிப் பார்க்காமலே "அந்த நாலாவதைத் தூக்கு" என்பவன் நீ. அதனால்தானே அங்கே உனக்குப் 'பாம்புக்காது' என்று பேர்? அம்மா இருந்தவரை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டாளே. அப்படிப்பட்ட ஆளை அவர்களாக மாற்றினார்களா, நீயாகக் கேட்டாயா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலமே. நீங்கள் இருவரும் அப்படியே என்று நம்புகிறேன்.

இந்த ஒரு மாதத்தில் நான் கண்டதை எப்படிச் சொல்வேன்! ஆரம்பிக்க நாலைந்து அலைதான் இருக்கின்றன. ஒன்று வழவழவென்று வளைந்து போகும், அதுதான் நான் முதலில் கேட்ட 'ஊ'. ஒன்றுக்கு ரம்பப் பல் உருவம், அது தேனீக் கூட்டமாக இரையும். இதற்கு மேல் வெறும் இரைச்சல் ஒன்று, டிவியில் சேனல் வராதபோது வருமே, அது. அந்த இரைச்சலை ஓடவிட்டு, வடிகட்டி என்ற திருகை மெல்லத் திருப்பினேன். அறைக்குள் மழை பெய்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். கடல் வந்தது. நான் எதையும் சேர்க்கவேயில்லை. எடுத்துக்கொண்டே போனேன், அவ்வளவுதான். மழையும் கடலும் அந்த இரைச்சலுக்குள்ளேயே இருந்திருக்கின்றன. நாற்காலியில் அப்படியே சமைந்துபோய் உட்கார்ந்திருந்தேன்.

சத்தம் எப்படிப் பிறந்து எப்படி அடங்க வேண்டும் என்று சொல்ல நாலு திருகு உண்டு. சட்டென்று பிறந்து மெதுவாக அடங்கினால் மணி. அதே அலை மெதுவாகப் பிறந்தால் யாரோ பிடில் வில்லை இழுக்கிறார்கள். நான் இப்போது ஒரே ஒரு சத்தத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கீறல் இல்லாத நல்ல பாட்டிலைச் சுண்டினால் வரும் சத்தம். அதைச் செய்துவிட்டால் போதும்.

கூடவே ஒரு வருத்தம். என் ஜன்னலுக்கு மேலே சிமெண்ட் பலகை இடுக்கில் குருவிகள் கூடு கட்டியிருந்ததே, உள்ளேயிருந்து பார்த்தால் தெரியாது, கத்துவதுதான் கேட்கும். அவையெல்லாம் போய்விட்டன. இரண்டு மூன்று வருஷமாக ஒரு குரலும் இல்லை. ஊரில் குருவியே அற்றுப்போனதாக யாரோ எழுதியிருந்தார்கள்.

தம்பி


மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். நீ எழுதியதைப் படித்ததிலிருந்து மிக்ஸி ஓடும்போதெல்லாம் பக்கத்தில் நின்று, இதற்குள் மழை எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பார்க்கிறேன். அத்தான் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்.

பக்கம் பக்கமாக அலை அடிக்கிறது, நான் கேட்ட கேள்விக்கு மட்டும் பதிலைக் காணோம். போகட்டும். நீ செய்த சத்தத்தை ஒரு பென்டிரைவில் போட்டு அனுப்பு. எங்கள் பிராணிகள் ஆஸ்பத்திரியில், நான் டோக்கன் போடும் மேஜையில் நல்ல கம்ப்யூட்டர் இருக்கிறது. டாக்டரம்மாவும் கேட்க வேண்டுமாம்.

அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உறைக்குள் பென்டிரைவ் இருக்கிறது, தொலைத்துவிடாதே. 'காலை ஷிப்ட்' என்று பேர் வைத்திருக்கிறேன். மொத்தம் ஐந்து நிமிஷம். முதலில் மோட்டார் எழும், பிறகு பெல்ட் ஓடும், ஒரு நிமிஷம் கழித்துப் பாட்டில்கள் வரும்.

அந்தப் பாட்டில் சத்தம்தான் என் உயிரை எடுத்துவிட்டது. ஒரு அலையை வைத்து இன்னொன்றை உலுக்கினால் கண்ணாடி வரும் என்று படித்தேன். வந்தது, ஆனால் துணியில் சுற்றித் தட்டினது போல மங்கலாக. கூர்மையை ஏற்றினேன், போதவில்லை. மேலே இன்னொரு அலையைச் சேர்த்து அதையும் கடைசிவரை ஏற்றினேன். இன்னும் முழுத் திருப்தி இல்லை. இருந்தாலும் அதன் பக்கத்தில் போய்விட்டேன் என்று தோன்றுகிறது.

கீழ் வீட்டு டீச்சர் விளக்குமாற்றுக் கம்பால் கூரையை இடிக்கிறார். டிவி வைத்தாலும் இடிக்கிறார். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை.

நீ என்ன சொல்லப்போகிறாய் என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


ஏப்ரல் 3

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். ஆஸ்பத்திரியில்தான் ஒருவரும் நலமில்லை, அதற்குக் காரணம் நீ.

சனிக்கிழமை காலை, கூட்டம் ஆரம்பிக்கும் நேரம். உன்னுடையதைப் போட்டேன். மோட்டார் முனகி எழுந்தது, பெல்ட் தடதடவென்று வந்தது. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "யாருங்க இவர்? கையப் புடிச்சு பேக்டரிக்குள்ள கூட்டிட்டுப் போறாரே!" என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, தம்பி. நான் ஒருநாளும் உள்ளே வந்து பார்க்காத இடம் அது. நீ இத்தனை வருஷம் நின்ற இடத்தில் நானும் ஒரு நிமிஷம் நின்றேன். என் தம்பி, என் தம்பி என்று எல்லோரிடமும் சொன்னேன்.

பிறகு உன் பாட்டில்கள் வந்தன. ஊசிக்கு உட்கார்ந்திருந்த ஐந்து நாயும் ஒரே குரலில் ஊளையிட்டன. குடல் புழு மருந்துக்கு வந்த பூனை எஜமானியின் தோளில் ஏறி, அங்கிருந்து பைல் அலமாரிக்குத் தாவியது. கிளி கொண்டுவந்த அம்மாள் கூண்டோடு தெருவுக்கு ஓடிவிட்டாள். நானும் காதைப் பொத்திக்கொண்டேன். ஒரு விசில், தம்பி. காதில் ஊசியை இறக்குவது போல. டாக்டரம்மாதான் ஓடிவந்து நிறுத்தினார். பூனையை இறக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

எல்லோரும் சிரித்தோம். டாக்டரம்மாவும் சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னார், அதோடு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அதை இப்போது எழுதவில்லை. அந்த விசிலை நீ வேண்டுமென்றுதான் வைத்தாயா?

அக்கா


ஏப்ரல் 11

அக்காவுக்கு,

நலம். விசில் எதுவும் கிடையாது. நூறு முறை கேட்டுவிட்டுத்தான் அனுப்பினேன். உங்கள் ஆஸ்பத்திரி ஸ்பீக்கர் ஓட்டை. இருபத்தாறு வருஷம் காதை வைத்துப் பிழைத்தவன் நான். சத்தத்தைப் பற்றி நாய்களிடம் பாடம் கேட்க வேண்டிய நிலைமை எனக்கு இன்னும் வரவில்லை. பென்டிரைவைத் திருப்பி அனுப்பிவிடு.

தம்பி


மே 30

அன்புள்ள தம்பிக்கு,

நீ நலமா? ஒப்புக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன். ஏழு வாரமாக நான் எழுதாததற்குக் கோபம் காரணமில்லை. எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஐந்து கடிதம் எழுதிக் கிழித்தாகிவிட்டது.

டாக்டரம்மா சொன்ன வார்த்தை இதுதான்: "இதப் போட்டவருக்கு இது காதுல விழலபோல. விழுந்திருந்தா வச்சிருக்க மாட்டார்." அவர் விளையாட்டாகச் சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். நீ போன் எடுக்காதது, ஸ்டோருக்குப் போனது, டிவிக்கு டீச்சர் கூரையை இடிப்பது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன.

இப்போது இரண்டு வருஷமாக நான் விழுங்கி வைத்திருப்பதைக் கேட்டுவிடுகிறேன். அத்தானுக்கு நெஞ்சில் ஆபரேஷன் என்று முடிவான அன்று ஆஸ்பத்திரி நடையிலிருந்து உனக்குப் போன் செய்தேன். "நாளைக்குக் காலைல அறுக்கப் போறாங்கடா, பயமா இருக்கு, உடனே கிளம்பி வா" என்று அழுதேன். நீ "சரிக்கா, சரிக்கா" என்றாய். நீ வரவில்லை. மறுநாள் முழுக்க லிப்ட் கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தேன். ஒரு மாதம் கழித்து நான் கடிதம் போட்ட பிறகு, ஒன்றுமே தெரியாதவன் போல ஓடிவந்து நின்றாய். அன்றைக்கு மனசுக்குள் உன்னைத் தலைமுழுகிவிட்டேன். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் போய்ச் சேர்ந்த அம்மாவின் முகத்துக்காகத்தான்.

அன்று உன் காதில் என்ன விழுந்தது? உள்ளதைச் சொல். எதுவாக இருந்தாலும் தாங்கிக்கொள்வேன்.

பென்டிரைவில் உன்னுடையதை அழிக்காமல் ஒன்று சேர்த்திருக்கிறேன். இரண்டு பாட்டில்களைக் கரண்டியால் தட்டிப் பதிவு செய்தேன். ஒன்று நல்லது, ஒன்று கீறல். எது எது என்று சொல்ல மாட்டேன். எப்படிக் கண்டுபிடிப்பாயோ எனக்குத் தெரியாது. கண்டுபிடி.

அக்கா


ஜூன் 16

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நலம். காது நலமில்லை. இதை எழுத எனக்கு நாலு வருஷம் பிடித்திருக்கிறது.

உன் கடிதம் வந்த அன்று எரிச்சலோடு 'காலை ஷிப்ட்'டைத் திரும்பப் போட்டேன். இந்த மென்பொருளில் சத்தத்தைப் படமாக வரையும் பகுதி ஒன்று உண்டு. கனத்த சத்தம் இடப்பக்கம், கூரிய சத்தம் வலப்பக்கம். இதுவரை நான் அதைத் திறந்ததேயில்லை, என் காது இருக்கும்போது அது எதற்கு என்று. அன்று திறந்தேன். பாட்டில் வந்த நொடியில் வலது ஓரத்தில் ஒரு கோபுரம் எழுந்தது. மோட்டாரைவிட, பெல்ட்டைவிட உயரம். அது நின்ற இடத்தில் எனக்குக் கேட்டது வெறும் மௌனம்.

நம்ப முடியாமல், வழவழப்பான அந்த முதல் அலையை எடுத்து ஒவ்வொரு கட்டையாக மேலே ஏறினேன். ஒரு கட்டையில் சத்தம் தேய்ந்தது, அடுத்ததில் நின்றுவிட்டது. படம் நிற்கவில்லை. அது பாட்டுக்கு வலப்பக்கம் ஏறிக்கொண்டே போயிற்று. பயமும் வந்தது, பிரமிப்பும் வந்தது. இத்தனை பெரிய உலகம் எனக்கு மேலே ஓடிக்கொண்டிருக்க, நான் பாதியில் நின்றுகொண்டு அதுதான் முழுசு என்று நினைத்திருக்கிறேன்.

அன்று போனில் உன் குரல் ஏறி இறங்கியது தெரிந்தது. வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டு தரம் "என்னக்கா?" என்றேன். மூன்றாம் தரம் கேட்க வெட்கமாக இருந்தது. பாம்புக்காதனுக்குக் காது கேட்கவில்லை என்றால் ஊர் சிரிக்குமே. "சரிக்கா" என்று சொல்லிவிட்டேன். நீ அழுதாய் என்று இப்போது உன் எழுத்தில்தான் படிக்கிறேன். என் வெட்கத்தைக் காப்பாற்ற உன்னை அந்த நடையில் தனியாக நிற்கவிட்டேன். மன்னித்துவிடு என்று எழுதவே கை கூசுகிறது.

ஸ்டோருக்கு நானாகத்தான் போனேன். கீறல் பாட்டில் ஒன்று என்னைத் தாண்டிப் போய், பெட்டி கட்டும் பெண்ணின் கையில் உடைந்தது. நாலு தையல். நான் முதுகு வலி என்று எழுதிக் கொடுத்து மாற்றல் வாங்கினேன்.

அந்த நல்ல பாட்டில் சத்தத்தை ஏன் தேடினேன் என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும்.

தம்பி


ஜூன் 25

என் தம்பிக்கு,

நானும் அத்தானும் ஆளுக்கொரு முறை படித்தோம், ஆளுக்கொரு முறை அழுதோம். "அவன திட்டி எழுதாத" என்று அத்தான் சொல்லியிருக்கிறார். கோபம் முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். முக்கால்வாசி போயிருக்கிறது. மீதிக்கு நேரில் வந்து உன் முதுகில் நாலு வைத்தால் தீர்ந்துவிடும்.

ஜூலை பன்னிரண்டு, ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறோம். திங்களன்று காது டாக்டரிடம் போகிறோம், சீட்டு வாங்கியாயிற்று. கருவி வைக்கச் சொன்னால் வைத்துக்கொள்கிறாய், வாயைத் திறக்கக் கூடாது. காலிங்பெல்லை அழுத்தி நடையில் நிற்க என்னால் முடியாது, எட்டு மணிக்குக் கதவைத் திறந்து வை.

பாட்டிலுக்குப் பதில் எங்கே?

அக்கா


ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நிஜமாகவே நலம்.

முதல் பாட்டில் கீறல். இரண்டாவது நல்லது. சரிதானே?

எப்படித் தெரிந்தது என்று கேள். அப்படியே கேட்டால் இரண்டும் எனக்கு ஒரே 'டொக்'. இலவசமாகக் கிடைத்த இன்னொரு மென்பொருளில், பதிவு செய்த எந்தச் சத்தத்தையும் கட்டைகளில் பரப்பி வாசிக்கலாம். இடப்பக்கம் போகப்போக அதே சத்தம் மெதுவாகி, கீழே இறங்கும். உன் பாட்டில்களை அதில் போட்டு இரண்டு ஸ்தாயி கீழே அழுத்தினேன். முதலாவது பானையைத் தட்டினது போல இடித்துவிட்டு நின்றது. இரண்டாவது அடித்தது, அக்கா! கோயில் மணி கணக்காக அறை முழுக்க நின்று, சுற்றி, மெல்ல மெல்ல அடங்கியது. நாலு வருஷம் கழித்துக் கேட்கிறேன். எனக்கு எட்டாத உயரத்தில் இருந்தது, நான் இருக்கும் இடத்துக்கு இறங்கி வந்தது. கையெடுத்துக் கும்பிட்டேன்.

மூன்றாவதாக ஒரு பூதம் பேசியது. நடுங்கிப்போய்க் கூர்ந்து கேட்டால், அது நீ. "டாக்டரம்மா, சத்தம் போடாதீங்க, ரெக்கார்டு ஆகுது" என்கிறாய். மெதுவாக, எருமைக் குரலில். ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை.

அதோடு விட்டேனா? நேற்றுக் காலை கம்ப்யூட்டர் மைக்கை ஜன்னலுக்கு வெளியே நீட்டி இரண்டு நிமிஷம் பதிவு செய்தேன். திரும்பப் போட்டேன். தூரத்தில் ஒரு லாரி, அவ்வளவுதான். படத்தைத் திறந்தால் வலது ஓரத்தில் புள்ளி புள்ளியாக, கொத்துக் கொத்தாக என்னவோ துள்ளிக்கொண்டிருந்தது. இரண்டு ஸ்தாயி கீழே கட்டையை அழுத்தினேன்.

குருவிகள்.

ஒன்று கூப்பிட, ஒன்று பதில் சொல்ல, இடையில் குஞ்சுகள் சண்டை போட, வீடு நிறையக் குருவிகள். அவை எங்கேயும் போகவில்லை, அக்கா. இத்தனை வருஷமும் என் தலைக்கு மேலேயே இருந்து கத்திக்கொண்டிருந்திருக்கின்றன. நான்தான் ஊரில் குருவியே இல்லை என்று உனக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கதவு ஏழு மணிக்கே திறந்திருக்கும். நீ வந்ததும் பையைக் கீழே வைப்பதற்கு முன் நேராக ஜன்னலுக்குப் போ. எத்தனை குருவி என்று கேட்டுச் சொல். முகத்தைப் பார்த்து, மெதுவாகச் சொல். புரியாவிட்டால் திரும்பக் கேட்பேன்.

உன் தம்பி